கோபுர விளக்கு அணைந்த 12 நிமிடங்கள்



கடந்த ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் மூன்று மாலைகளில் நம் ஆலயக் கோபுரச் சிலுவையின் விளக்கு ஏறக்குறைய 12 நிமிடங்கள் அணைந்திருந்ததை உங்களில் பலர் கவனித்தீர்கள். சிலர் மின்தடை என்று எண்ணினீர்கள். வேறு சிலர் கோயிற்பிள்ளையிடம் விசாரித்தீர்கள். அவர், "ஐயா சொல்லித்தான் அணைச்சேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அடுத்து நடந்த சபைக் குழுக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கென்று காணிக்கை சேர்த்துப் பொருத்திய விளக்கைத் தம் விருப்பப்படி அணைக்கும் அதிகாரம் போதகருக்கு உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. "ஒரு வாலிபனுடைய படிப்புக்காக" என்று சுருக்கமாகச் சொல்லி அன்று நான் தப்பித்துக்கொண்டேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையைச் சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை. ஆகவே வழக்கம்போல ஒரு வேதப்பகுதியை எடுத்து விளக்காமல், இந்த வாரப் பகுதியை அந்தப் பதிலுக்கே ஒதுக்குகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்த வாலிபனை நீங்கள் அறிவீர்கள். பெயரை எழுத வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவனுடைய தாயார் குருமனைக்கு வந்து, மகன் வாலிபர் ஐக்கியத்துக்கு வருவதே இல்லை, ஓட்டுக் கூரையின் மேல் கம்பிகளைக் கட்டி வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஏதோ இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்று கண் கலங்கினார். ஜெபித்தேன். பிறகு கண்டிக்கும் நோக்கத்தோடுதான் அவனை அழைத்தேன். வந்தவன், நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே, "ஐயா, உங்க மொட்டைமாடிக்கு ஒருக்கா ஏறிப் பாக்கலாமா? தெக்குப் பக்கம் ரப்பர் மரம் மறைக்காத எடம் நம்ம ஊர்ல இது ஒண்ணுதான்" என்றான். கண்டிப்பதற்கென்று நான் எடுத்து வைத்திருந்த சொற்கள் அப்படியே நின்றுவிட்டன.

மாடியில் நமக்கு முன்பிருந்த போதகர்கள் காலத்துத் தொலைக்காட்சி ஆண்டெனா ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் அலுமினியக் குழாய்கள் இரண்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் 53 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, தண்ணீர்க் குழாயின் நுனியில் 120 பாகைக் கோணத்தில் விரித்துக் கட்டினான். பார்வைக்கு, பறக்க முயன்று பாதியில் நின்றுவிட்ட வெட்டுக்கிளியைப் போலிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முடிவில் விரல் நீளக் கருவி. அது மடிக்கணினியில் செருகப்பட்டது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று மலிவாகச் செய்யப்பட்ட பொருள் அது. பல அலைவரிசைகளையும் கேட்கும் வானொலியாக அதை மாற்ற முடியும் என்று ஆர்வலர்கள் பின்னர் கண்டுகொண்டார்களாம். துணி காயப்போடும் கம்பி அலையைக் குழப்புகிறது என்று அவன் சொன்னபோது மட்டும் என் மனைவி சற்று முகம் சுளித்தார். மறுநாள் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு வந்தது.

"இப்ப நோவா வரும் ஐயா" என்றான் அவன்.

நான் திடுக்கிட்டேன். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வுத் துறையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து அவர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள் என்பதும், அத்துறையின் வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு அதுவே பெயர் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். பேழையின் ஜன்னலைத் திறந்து, வெள்ளம் வடிந்ததா என்று அறியப் பறவைகளை அனுப்பிய முதியவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அதே பெயர் என் மாடிக்கு நேர் மேலே, புயலையும் வெள்ளத்தையும் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவன் காத்திருந்தது நோவா-15 என்பதற்காக. 1998 மே 13 அன்று ஏவப்பட்டது. இரண்டாண்டுகள் உழைத்தால் போதும் என்று செய்தார்கள். அது 27 ஆண்டுகள் உழைத்தது. தரைக்கு 800 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் அருகாகச் சுமார் 101 நிமிடங்களில் உலகை ஒருமுறை சுற்றிவிடும். அது சுற்றும்போது பூமியும் கீழே திரும்பிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு நாட்டின் மேல் போகும். ஒரு நாளில் சில முறைதான் நம் வானத்துக்கு வரும். தொடுவானத்தில் எழுந்து மறுபக்கத் தொடுவானத்தில் மறையும் வரை கால் மணி நேரம். மரங்களும் மலையும் மறைத்தது போக நமக்குக் கிடைப்பது 12 நிமிடங்கள்.

இந்தக் கோள் படம் எடுக்கும் முறை நான் எண்ணியிருந்ததைப் போன்றதல்ல. நம் கைப்பேசி ஒரு நொடியில் முழுக் காட்சியையும் பிடித்துவிடுகிறது. நோவா நெய்கிறது. அதற்குள் நொடிக்கு ஆறு முறை சுழலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது பூமியின் மேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் அகலத்துக்கு, ஒரே ஒரு மெல்லிய வரியைப் பார்க்கிறது. அது அடுத்த முறை சுழல்வதற்குள் கோள் சற்று முன்னே நகர்ந்திருக்கும். எனவே அடுத்த வரி அதற்கு அடுத்த நிலத்தின் மேல் விழும். பாவின் குறுக்கே ஊடை ஓடுவதுபோல, வரி வரியாகத்தான் நம் நாடும் கடலும் உருவாகின்றன.

நெய்ததை மூன்று விதமாக அது தரைக்கு இறக்கியது. முதலாவது, உலகம் முழுவதும் பார்த்ததைச் சுருக்கிப் பதிந்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் அலாஸ்காவிலுள்ள ஃபேர்பேங்க்ஸ், வர்ஜீனியாவிலுள்ள வாலப்ஸ் ஆகிய தரைநிலையங்களின் மேல் வரும்போது ஒரேயடியாகக் கொட்டிவிடும். அலாஸ்கா எதற்கு என்று கேட்டேன். துருவங்களைச் சுற்றும் கோளுக்குத் துருவத்தின் அருகிலுள்ள நிலையம்தான் அடிக்கடி கண்ணில் படும் என்றான். இரண்டாவது, பார்க்கும் ஒவ்வொரு நுட்பத்தையும் அந்தந்த நொடியிலேயே நொடிக்கு 6,65,400 பிட் வேகத்தில் எண்களாக அனுப்பும். அதைப் பெறுவதற்குக் கோள் போகும் திசையில் திரும்பிக்கொண்டே இருக்கும் கிண்ண ஆண்டெனா வேண்டும்.

மூன்றாவது முறைதான் என்னை மாடியில் உட்கார வைத்தது. மூன்று வரிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, நுட்பத்தைக் குறைத்து, நொடிக்கு இரண்டு வரிகளாக, 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், எந்தப் பூட்டும் சாவியும் இல்லாமல், ஐந்து வாட் அளவுள்ள ஆற்றலில் அது பரப்பிக்கொண்டே போகும். ஐந்து வாட் என்பது நம் வீட்டு இரவு விளக்கு. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8 என்ற கோளில் இந்த முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. பெரிய நிலையம் கட்ட வசதியில்லாத நாடுகளின் வானிலை அலுவலகங்களும் தங்கள் தலைக்கு மேலுள்ள மேகத்தை அன்றே பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1960-களிலேயே பம்பாயில் இப்படங்களைப் பெறும் கருவி இயங்கியது. கேட்பவர் யார், எந்த நாட்டவர், கட்டணம் செலுத்தினாரா என்று அது விசாரித்ததே இல்லை. எவரேனும் கேட்கிறார்களா என்பதுகூட அதற்குத் தெரியாது.

அன்று நான் அதைக் கேட்டேன். முதலில் வெறும் இரைச்சல், ஆற்று மணலைச் சலிப்பதுபோல. பின்பு அந்த இரைச்சலின் அடியிலிருந்து ஒரு மெல்லிய விசில் எழுந்தது; அதற்குள் டிக், டிக் என்று நொடிக்கு இரண்டு துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு வரியின் தொடக்கம் என்றான். அந்த விசிலின் உரப்புதான் படத்தின் ஒளி: வெண்மேகத்தைக் கடக்கும்போது ஒலி உரக்கிறது, இருண்ட கடலைக் கடக்கும்போது தணிகிறது. கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் இருக்கும். குழித்துறை நிலையத்தில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல் நம்மைக் கடக்கும்போது மாறுவதுபோல. நான் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்; கணினித் திரையில் அந்த ஒலி வரிகளாக இறங்கி, சற்று நேரத்தில் இலங்கையின் மேற்குக் கரையாக மாறிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐம்பதைத் தாண்டிய பின்பு அப்படி ஒன்று நேர்வது அரிது.

படத்தில் நடுநடுவே வரிகள் சிதைந்து, வெண்புள்ளிகள் தெறித்த பட்டைகளாக இருந்தன. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். "தெரியாது ஐயா. அது போயிட்டு" என்றான். நோவா திரும்பச் சொல்லாது. பக்கத்து வரிகளை வைத்து அந்தப் பட்டையை இட்டு நிரப்பித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை இவன் பயன்படுத்துவதில்லை. "அது நான் வரஞ்ச மேகம்லா? நோவா பாத்த மேகம் இல்லியே" என்றான்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பழைய கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கக் கற்பித்தபோது, தோல் கிழிந்தும் மை உதிர்ந்தும் போன இடங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. எழுத்து இல்லாத இடத்தில் எழுத்து இல்லை என்றே குறிக்க வேண்டும். உன் ஊகத்தை ஊகம் என்று அடையாளமிடாமல் அங்கே எழுதினால், உனக்குப் பின் வருகிறவன் அதை மூலம் என்று எண்ணி ஏமாறுவான் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்வார். தேர்வில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

இனி விளக்கின் விஷயம். அந்தச் சிலுவை விளக்கு எல்.இ.டி. வகையைச் சேர்ந்தது. அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி, மின்னோட்டத்தை மிக வேகமாகத் திறந்து மூடுவதால், தானும் ஒரு சிறு வானொலி நிலையம்போல இரைச்சலைப் பரப்புகிறது. மலிவான பெட்டிகளில் இது அதிகம். நமது பெட்டி மலிவானது. குறைந்த விலைக்கு வாங்கியதைப் பாராட்டி அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். கோபுரம் குருமனைக்குத் தெற்கே நிற்கிறது. மாலையில் வரும் நோவா-15 தெற்கிலிருந்து வடக்கே ஏறும்; எனவே அது முதலில் அனுப்பும் வரிகள் நமக்குத் தெற்கேயுள்ள கடலின் வரிகள். கோள் தொடுவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் குரல் மிகவும் மெல்லியது. 800 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற ஐந்து வாட் குரலை 30 மீட்டர் தூரத்துச் சிலுவை மூடிவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு அவன் பெற்ற எல்லா மாலைப் படங்களிலும் வட நாடு தெளிவாக இருக்கும், கன்னியாகுமரி முனைவரை ஒருவாறு தெரியும். அதற்குத் தெற்கே கடல் இருக்க வேண்டிய இடம் முழுவதும் வெண்புள்ளிகள்.

காலையில் விளக்கு எரிவதில்லையே என்று கேட்பீர்கள். காலையில் நோவா வரும் வேளையில் அவன் கல்லூரிப் பேருந்தில் இருப்பான். ஞாயிறு காலையில் ஆராதனையில் இருப்பான். ஆம், இப்போது ஆராதனைக்குத் தவறுவதில்லை.

காரணம் தெரிந்திருந்தும் மூன்று மாதங்கள் அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை. சிலுவையை அணைக்கச் சொல்வதா என்று கூச்சப்பட்டிருக்கிறான். ஜூன் மாதத்தில் நோவா-18 நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த நோவா-15, நோவா-19 ஆகியவற்றையும் ஆகஸ்டில் நிறுத்தப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபின்தான், ஒரு மாலை, படிக்கட்டில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டு, "தெக்குக் கடல் ஒரே ஒருக்கா தெளிவா வேணும் ஐயா" என்றான்.

தெற்குக் கடல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று எண்ணினேன்.

அவனுடைய தாயார் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர். தகப்பனார் கடற்கரையில் பிறந்து, ஆழ்கடலில் பல நாள்கள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகளில் வேலை செய்தவர். 2017 நவம்பரின் கடைசி வாரத்தில் அவர் கடலில் இருந்தார். அந்தக் காலத்தில் நான் அவர்கள் குடியிருந்த கடற்கரைக்கு அருகிலிருந்த சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். நவம்பர் 29 அன்று காலையில் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30 அன்று முற்பகலில் குமரிக் கடலில் ஒக்கி என்னும் புயலாகிவிட்டது. ஒரே நாள் இடைவெளி. நம் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, பல நாள்கள் மின்சாரமின்றி இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாம் இருட்டில் இருந்த நாள்களில் கடலில் இருந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்த நாள்களிலும் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நம் நாட்டின் இன்சாட்-3டி, இன்சாட்-3டிஆர் ஆகிய இரு கோள்களும் பூமத்தியரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல நின்று, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு ஒரு படம் அனுப்பின. 29 மாலையில் அவற்றில் ஒன்று யாரோ அனுப்பி என் கைப்பேசிக்கும் வந்தது. குமரி முனைக்குத் தென்கிழக்கே வெள்ளையாக ஒரு சுருள். மழை வரும்போலிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் கீதபவனிக்கான ஒழுங்குகளைப் பார்க்கப் போய்விட்டேன். நான் அதைக் கூர்ந்து பார்த்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கைப்பேசிக்கும் கரையின் வானொலிக்கும் எட்டாத தூரத்தில் அந்தப் படகு இருந்தது. விண்ணிலிருந்து தரைக்கு 36,000 கிலோமீட்டர் இறங்கி வந்த செய்திக்கு, தரையிலிருந்து அந்தப் படகுவரை போக வழியில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் மீனவர் கைக்கு வரத் தொடங்கின.

படகு திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை. தாயும் மகனும் சில காலம் கழித்துத் தாய்வீட்டுக்கே, அதாவது நம் ஊருக்கே வந்தார்கள். பின்னர் நானும் இந்தச் சபைக்கு மாற்றப்பட்டேன்.

விளக்கை அணைத்த முதல் மாலையில் படம் கெட்டுப்போனது. சிலுவை அணைந்தும் இரைச்சல் ஓயவில்லை. தேடிப் பார்த்தால், குருமனை வாசலில் நான் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராவின் மின்மாற்றிப் பெட்டி. இரண்டாம் மாலையில் மழைக்காற்று ஆண்டெனாவைத் தள்ளிவிட்டது. மூன்றாம் மாலையில் சிலுவை, கேமரா, எங்கள் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நாங்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கணினித் திரையின் ஒளி மட்டும் அவன் முகத்தில் விழுந்தது. விசில் மெல்ல எழுந்தது. டிக், டிக்.

இரவுப் படத்தில் சூரிய ஒளி இல்லை. பூமி வெளிவிடும் வெப்பத்தைத்தான் கோள் பார்க்கிறது. குளிர்ந்த உயர்மேகம் வெண்மையாகவும் வெதுவெதுப்பான கடல் கருமையாகவும் தெரியும். முதல் வரிகளில் சிறிது புள்ளி. பிறகு கருமை, தெளிந்த கருமை. அதன் மேல் அங்கங்கே மெல்லிய மேகக் கிழிசல்கள். நொடிக்கு இரண்டு வரிகளாகக் கடல் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று, நான்கு நிமிடங்களுக்குப் பின் குமரி முனை ஓர் ஊசிமுனைபோலத் தோன்றியது. அவன் அதற்குமேல் வந்த எதையும் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஓர்மை இருக்கா? அன்னைக்கு உங்கட்ட ஒண்ணு கேட்டேன்" என்றான்.

எனக்கு நினைவில்லை.

அவன் சொன்னான். 2017 டிசம்பரின் முதல் நாள்களில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். உறவினர்கள் கைப்பேசிகளில் செயற்கைக்கோள் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 11 வயதுப் பையனாகிய அவன் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "மேலேருந்து படம் எடுக்காவளே, அதுல எங்கப்பாக்க போட்டு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். நான் அவன் தலையில் கைவைத்து, "ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மக்களே" என்று சொல்லியிருக்கிறேன். அவன் அந்தப் பதிலை, படத்தில் படகு தெரிகிறது என்று எடுத்துக்கொண்டான். தெரிகிறது என்றால் ஏன் ஒருவரும் போகவில்லை? பார்த்துக்கொண்டே இருந்தார்களா? இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்காமல் எட்டு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறான். வாலிபர் ஐக்கியத்துக்கு வராததன் காரணமும் அதுவே.

"ஒரு புள்ளி நாலு கிலோமீட்டர் ஐயா" என்று திரையைத் தொட்டுக் காட்டினான். "இன்சாட் படத்துலயும் ராத்திரி அம்புட்டுத்தான். எங்கப்பாக்க போட்டு இருவது மீட்டர் இருக்கும். இருநூறு போட்டை வரிசையா நிறுத்துனாத்தான் ஒரு புள்ளிக்க ஒரு ஓரம் வரும். தெரிஞ்சிருக்காது. யாரும் பாத்துட்டுச் சும்மா இருக்கல."

சற்று நேரம் கழித்து, என்னைப் பாராமலே, "தெரியாதுன்னு நீங்க அன்னைக்கு ஒரு சொல்லு சொல்லியிருந்தா போதும்" என்றான். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. சிதைந்த வரியைக் காட்டி "அது போயிட்டு" என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னான்.

சபையாரே, அந்த வீட்டில் நான் சொன்னதை நான் இன்றும் விசுவாசிக்கிறேன். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. ஒரு சிறுவன் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டான். அந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியாத இடத்தை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாக்கியத்தால் நிரப்பினேன். நிரப்பியது வெளியே தெரியாதபடி, மூலத்தைப் போலவே, நிரப்பினேன். துக்க வீடுகளில் எத்தனை முறை அப்படிச் செய்திருக்கிறேன் என்று அந்த இருட்டில் எண்ணத் தொடங்கினேன், எண்ணி முடிக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, இருக்கட்டும் ஐயா" என்று பதறிப்போனான். கோள் வடக்கே மலைகளுக்குப் பின் இறங்க, விசில் மணல் இரைச்சலில் கரைந்தது. அதன் பிறகுதான் கோயிற்பிள்ளைக்குக் குரல் கொடுத்து விளக்கைப் போடச் சொன்னேன். அன்று 12 நிமிடம் 20 ஆகிவிட்டது. அது கணக்கில் வரவில்லை என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 19 அன்று நோவா-15 நிறுத்தப்பட்டது. கடைசிக் காலத்தில் அதன் கண்ணாடியைச் சுழற்றும் மோட்டார் அவ்வப்போது தடுமாறி, படங்களே கிழிந்ததுபோல் வரும். ஆனாலும் அது அனுப்புவதை நிறுத்தியதில்லை. மறுநாள் மாலை, அது வரும் நேரத்தில் அவன் மாடிக்கு வந்து அதே அலைவரிசையைத் திறந்து வைத்தான். 12 நிமிடங்களும் இரைச்சல்தான். தரையிலிருந்து கட்டளை போனதால் வாய் மூடியிருக்கிறதே தவிர, அந்தக் கோள் இன்னும் அதே வழியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தெற்குக் கடலின் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில், தகப்பனாரின் புகைப்படத்துக்குக் கீழே இருக்கிறது. முதல் வரிகளிலிருந்த வெண்புள்ளிகளை அவன் அழிக்கவில்லை. தாயார் அந்தக் கருமையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் கும்பிடுகிறார். அந்த இடம் எது என்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. நான் சென்ற வாரம் அங்கே போயிருந்தபோது, அதைக் குறித்து ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது அவன் ரஷ்யாவின் மெட்டியோர் என்னும் கோளைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறான். அதுவும் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் பேசுகிறது. ஆனால் விசில் இல்லை, எண்களாக அனுப்புகிறது. படம் நோவாவைவிடப் பல மடங்கு நுட்பமானது. வழியில் சில எண்கள் தொலைந்துபோகும் என்று முன்கூட்டியே எண்ணி, தொலைந்தவற்றை மீட்பதற்கான கூடுதல் எண்களையும் சேர்த்தே அனுப்புகிறதாம். அப்படியானால் இதுவும் இட்டு நிரப்புவதுதானே என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இல்ல ஐயா, இது அனுப்புனவர் குடுத்தது" என்றான். இரைச்சல் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அந்தக் கூடுதல் எண்களாலும் பயனில்லை. புள்ளிகள்கூட வராது, வெறும் கறுப்புப் பட்டைதான். நோவா என்றால் இரைச்சலுக்குள்ளும் கரை கொஞ்சம் தெரியும் என்பதில் அவனுக்கு இன்னும் ஏக்கம் இருக்கிறது.

ஆகவே சிலுவையின் விளக்கு இன்னும் சில மாலைகள் அணைய வேண்டியிருக்கும். சபைக் குழுவிடம் இம்முறை முன்னதாகவே அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். இரைச்சல் பரப்பாத நல்ல மின்பெட்டி ஒன்றை வாங்க என் காணிக்கையையும் அந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது வந்து சேரும்வரை, கோபுரம் இருண்டிருப்பதைக் கண்டால் கோயிற்பிள்ளையை விசாரிக்க வேண்டாம். மாடிக்கு ஏறி வாருங்கள். படிகளில் கைப்பிடி இல்லை. முதியவர்கள் மட்டும் கவனமாக.

உங்கள் போதகர்